பாதியில் நின்ற பரத நாட்டியம்!

பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெட்டியின் கதை

பிற்பகல் மணி 3-30.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. கூடத்தில் பாய் விரித்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டு நிறைய முறுக்கு. எல்லோருடைய கண்ணும் சுவரில் மாட்டியிருக்கும் 55 அங்குல டெலிவிஷன் மேல்!

சிங்கப்பூரில் அப்போது மாலை 6 மணி. அந்த வீட்டுப் பேத்திக்கு அங்கே நாட்டிய அரங்கேற்றம். யூடியூப்பில் நேராகக் காட்டுகிறார்கள். அதைப் பார்ப்பதற்காகவே மகன் பணம் அனுப்பி, 4கே டெலிவிஷன் வாங்க வைத்திருந்தான்.

ஆச்சிக்கு முழங்கால் வலி. விமானம் ஏறிப் போக முடியவில்லை. ஆனால் தனக்குப் பதிலாக ஒரு பொருளை அனுப்பியிருந்தார். அது, கல்யாணத்தின்போது தாய் வீட்டில் போட்ட கல் அட்டிகை!

"பிள்ளை இதைப் போட்டுக்கொண்டுதான் ஆடவேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

திரை விலகியது. பேத்தி மேடைக்கு வந்தாள். சலங்கை ஒலித்தது. வலது காலைத் தூக்கினாள்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றுவிட்டது!

படத்தின் நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் படம் வந்தது. ஆனால் முகம் தெரியவில்லை. நனைந்த காகிதத்தில் வரைந்த ஓவியம் மாதிரி எல்லாம் கலங்கிக் கிடந்தது. சேலை ஒரு சிவப்புத் திட்டு. கழுத்தில் ஏதோ மின்னியது. அட்டிகையா? வேறு நகையா? ஆச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குறை கண்ணாடியில் இல்லையே!

மறுபடி வட்டம். மறுபடி மங்கல். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வர்ணம் முடிந்ததா, தில்லானா வந்ததா, ஒன்றும் தெரியவில்லை.

அன்று இரவு ஆச்சி சாப்பிடவில்லை. "மருமகள் அட்டிகையைப் போட்டுவிடவில்லை போலிருக்கிறது. பழைய நகை என்று நினைத்திருப்பாள்" என்று மட்டும் சொன்னார். டெலிபோனில் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் மருமகள் என்ன நினைப்பாளோ? கேட்கவில்லை.

400 ரூபாய் யோசனை

பெரியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மறுநாள் காலை இண்டர்நெட் கொடுத்த கம்பெனிக்கு டெலிபோன் செய்து சத்தம் போட்டார்.

அங்கே பேசியவர் பணிவாகப் பதில் சொன்னார். "ஐயா, நீங்கள் 100 மெகாபிட் திட்டத்தில் இருக்கிறீர்கள். 4கே டெலிவிஷன் வாங்கிவிட்டால் அது போதாது. 300 திட்டத்துக்கு மாறிவிடுங்கள். மாதம் 400 ரூபாய்தான் கூட ஆகும்."

மாதம் 400 என்றால் வருஷத்துக்கு 4,800 ரூபாய். பென்ஷன் பணத்தில் அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் பெரியவர் தயாராகிவிட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

400 ரூபாய் கொடுத்தால் படம் நிற்காமல் ஓடுமா? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஒரு படம் வீடு வந்து சேருவதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்க்கவேண்டும்.

புள்ளிக் கணக்கு

டெலிவிஷனில் தெரியும் படம் முழுவதும் புள்ளிகள்தான். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல என்று நினைத்துக்கொள்ளலாம். முழு எச்.டி. என்று சொல்லும் படத்தில் ஒரு வரிசைக்கு 1,920 புள்ளி. அப்படி 1,080 வரிசை. மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். 4கே படத்தில் வரிசைக்கு 3,840 புள்ளி, 2,160 வரிசை. பெருக்கிப் பார்த்தால் சுமார் 83 லட்சம் புள்ளிகள்! எச்.டி.யைப் போல நான்கு மடங்கு. அதனால்தான் நகையில் உள்ள கல் கூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட் வேண்டும். பிட் என்பது கம்ப்யூட்டர் கணக்கில் மிகச் சிறிய அளவு. வினாடிக்கு 30 படம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்குச் சுமார் 600 கோடி பிட் அனுப்பவேண்டும். எந்த வீட்டுக்கும் அவ்வளவு பெரிய குழாய் கிடையாது.

ஆகவே படத்தைச் சுருக்குகிறார்கள். நாட்டியம் ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் நீலத் திரை தொங்குகிறது. அது அசையவில்லை. அதை ஏன் வினாடிக்கு 30 தடவை அனுப்பவேண்டும்? ஒரு தடவை அனுப்பினால் போதும். பிறகு கை எங்கே போயிற்று, கண் எங்கே திரும்பிற்று என்று மாறியதை மட்டும் சொன்னால் போதும். இந்தத் தந்திரத்தால் 600 கோடி, ஒன்றரைக் கோடி ஆகிவிடுகிறது. ஒன்றரைக் கோடி பிட் என்பது 15 மெகாபிட்.

4கே படம் பார்க்க நெட்பிளிக்ஸ் கேட்கும் வேகம் இந்த 15 மெகாபிட்தான். யூடியூப் 20 கேட்கிறது. முழு எச்.டி. படத்துக்கு இரண்டுமே 5 மெகாபிட் போதும் என்கின்றன.

பெரியவர் வீட்டில் இருப்பதோ 100! ஐந்து 4கே டெலிவிஷன்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம். அப்படியானால் குழாயில் வருகிற தண்ணீர் குடத்துக்கு வரவில்லை. வழியில் எங்கேயோ போய்விடுகிறது!

(பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கம்பெனிக்காரர்கள் விற்பது மெகாபிட் கணக்கு. செல்போனில் ஒரு கோப்பை இறக்கும்போது தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் வாங்கியவருக்கு 12 மெகாபைட் சொச்சம்தான் தெரியும். அதற்காகச் சண்டைக்குப் போகவேண்டியதில்லை.)

வட்டம் ஏன் சுற்றுகிறது?

மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கிறோம். நகராட்சிக் குழாயில் தண்ணீர் நின்றாலும், தொட்டியில் இருக்கும்வரை வீட்டுக் குழாயில் வரும். டெலிவிஷனுக்குள்ளும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. பார்க்கிற காட்சிக்கு முன்னாலேயே அடுத்த சில வினாடிக் காட்சிகளை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தொட்டி காலியானால் படம் நிற்கும். மறுபடி நிரம்பும்வரை வட்டம் சுற்றும்.

சினிமாப் படத்துக்குத் தொட்டி பெரிதாக இருக்கலாம். படம் முழுவதும் முன்பே தயாராக இருக்கிறதல்லவா? நேரடி ஒளிபரப்பில் அது முடியாது. இன்னும் ஆடாத ஆட்டத்தை முன்கூட்டியே எப்படி வாங்கி வைப்பது? ஆகவே நேரடி ஒளிபரப்பில் தொட்டி சின்னது. கொஞ்சம் தடங்கல் வந்தாலும் காலியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சினிமா பரவாயில்லாமல் ஓடுகிற வீட்டில், கல்யாண நேரடி ஒளிபரப்பு மட்டும் நின்று நின்று வருவதற்கு இதுதான் காரணம்.

மங்கலுக்கும் காரணம் உண்டு. ஒரே படத்தைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பல அளவில் தயார் செய்து வைத்திருப்பார்கள். வேகம் குறைந்தால் டெலிவிஷன் யாரையும் கேட்காமல் சின்ன அளவைக் கேட்டு வாங்கும். அதைப் பெரிய திரையில் இழுத்துக் காட்டும். பேத்தியின் முகம் கலங்கியது அதனால்தான்.

அண்ணன் மகன் வந்தான்

ஆச்சிக்கு ஓர் அண்ணன் மகன். திருநெல்வேலி டவுனில் கேமரா மாட்டுவது, கேபிள் இழுப்பது அவன் தொழில். விஷயம் கேள்விப்பட்டு, வேலை முடிந்த கையோடு வந்தான்.

வந்தவன் டெலிவிஷனைப் பார்க்கவில்லை. "மாமா, ரவுட்டர் எங்கே?" என்று கேட்டான்.

பெரியவர் முன்னறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆள் உயர இரும்பு பீரோ. கதவில் நிலைக்கண்ணாடி. அதற்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெட்டி தொங்கியது. அதன் மேல் ஆச்சி பூப்போட்டுத் தைத்த துணி உறை வேறு! தூசி படாமல் இருப்பதற்காக.

"இங்கே மாட்டச் சொன்னது யார், அத்தை?"

"கேபிள் அந்த ஜன்னல் வழியாகத்தானே வந்தது? வந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்."

ஊரில் பாதி வீட்டில் நடப்பது இதுதான். கேபிள் நுழைகிற இடத்தில் பெட்டியை மாட்டினால் மாட்டுகிறவருக்கு வேலை சுலபம். வீட்டுக்காரருக்குப் பெட்டி கண்ணில் படாமல் இருந்தால் அழகு. இரண்டு பேருக்கும் திருப்தி. படம் மட்டும் ஓடாது!

அவன் செல்போனில் வேகம் அளக்கும் செயலியைத் திறந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அளந்தான். 94 மெகாபிட். கூடத்துக்குப் போய் டெலிவிஷன் அருகே நின்று அளந்தான்.

வெறும் 6!

இடையில் இருப்பது 28 அடி தூரம். அதற்குள் 88 மெகாபிட் காணாமல் போய்விட்டது.

"நான் 300 திட்டத்துக்கு மாறுவதாக இருக்கிறேன்" என்றார் பெரியவர்.

அவன் சிரித்தான். "மாறுங்கள் மாமா. 300ம் வந்து இந்தப் பீரோவுக்குப் பின்னால் நிற்கும்!"

கடல் தாண்டிய படம்

சிங்கப்பூரில் ஆடிய ஆட்டம் எப்படிப் பாளையங்கோட்டைக்கு வந்தது? வானத்தில் பறந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியாக, வெளிச்சமாக வந்தது. தலைமயிர் கனமே உள்ள இழை. அதற்குள் வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது.

இதில் ஓர் இந்தியருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாக ஒரு படத்தை அனுப்பிக் காட்டினார். அந்தச் செய்தி 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. கண்ணாடியைச் சுத்தமாகச் செய்தால் இழை வழியாக நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். 2009-ல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்குக் கிடைக்கவில்லை. அதில் பலருக்கு மனக்குறை உண்டு. அவர் இறந்த பிறகு, 2021-ல், இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் பட்டம் அளித்தது.

அந்தக் கண்ணாடி இழை இன்று தெரு வழியாக வந்து வீட்டு ஜன்னலில் நுழைகிறது. அங்கே பெட்டி அதை வாங்கி, ரேடியோ அலையாக மாற்றி, அறையெங்கும் வீசுகிறது. அதுதான் வை-பை.

கடலைத் தாண்டி வந்த படம், பீரோவைத் தாண்டவில்லை!

அலைக்குப் பகை எது?

ரேடியோ அலைக்கு முதல் பகை இரும்பு. இரும்பில் பட்ட அலை திரும்பிவிடும். பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு எல்லாம் ஒன்றுதான். கம்பி கட்டிய காங்கிரீட் சுவரும் அலையை வெகுவாகக் குறைத்துவிடும். செங்கல் சுவர் கொஞ்சம் பரவாயில்லை. மரக் கதவு நல்லது.

அடுத்த பகை தண்ணீர். மீன் தொட்டி, குடிதண்ணீர் கேன் இவை அலையைக் குடித்துவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே! அரங்கேற்றத்தன்று கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் ஒரு சுவர். போதாததற்கு, அவர்களில் பாதிப் பேர் செல்போனை அதே வை-பையில் இணைத்திருந்தார்கள். எடுத்த போட்டோக்களைச் செல்போன்கள் தாமாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. ஏற்றும் வழி அடைத்துக்கொண்டால் இறங்கும் வழியும் தடுமாறும். டெலிவிஷன் "இதுவரை வந்தது, அடுத்ததை அனுப்பு" என்று சொல்லி அனுப்புகிற சீட்டும் அந்த வழியாகத்தானே போகவேண்டும்?

தவிலும் புல்லாங்குழலும்

இப்போது வருகிற பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு விதமான அலைகளை வீசுகின்றன. ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ். இன்னொன்று 5 ஜிகாஹெர்ட்ஸ். பெயர் புரியாவிட்டாலும் குணம் தெரிந்தால் போதும்.

2.4 தவில் மாதிரி. தெருக்கோடிக்கும் கேட்கும். சுவரைத் தாண்டும். ஆனால் வேகம் குறைவு. அதோடு நெரிசல் அதிகம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்று. 1, 6, 11 என்று அவற்றுக்கு எண். தெருவிலுள்ள எல்லா வீடுகளும் அந்த மூன்று பாதையில்தான் முண்டியடிக்க வேண்டும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. அடுப்பிலிருந்து கசிகிற அலை மிகமிகக் கொஞ்சம். உடம்புக்குத் தீங்கில்லை. ஆனால் படத்தைக் கெடுக்க அது போதும்.

5 புல்லாங்குழல் மாதிரி. அருகில் இருப்பவருக்கு இனிமை. வேகம் அதிகம். நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவருக்கு அப்பால் கேட்காது.

பெரியவர் வீட்டில் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். பீரோ மறைத்ததால் 5 எட்டவில்லை. டெலிவிஷன் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அண்ணன் மகன் செல்போனைப் பார்த்து எண்ணினான். அக்கம்பக்கத்து வீட்டு வை-பை பெயர்கள் பதினான்கு! பதினான்கு தவில் நடுவே பேத்தியின் சலங்கை எப்படிக் கேட்கும்?

நடிகையும் விஞ்ஞானிகளும்

நெரிசலில் தப்பிக்க இன்னொரு தந்திரம் உண்டு. ஒரே பாதையில் நிற்காமல் தாவிக்கொண்டே இருப்பது. காதில் மாட்டும் புளூடூத் கருவி வினாடிக்கு 1,600 தடவை பாதை மாறுகிறது! இப்படித் தாவும் முறை ஒன்றுக்கு 1942-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்! இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைல் என்பவருடன் சேர்ந்து, போர்க்கப்பலைத் தாக்கும் டார்பிடோவை எதிரி தடுக்க முடியாமல் ரேடியோவில் செலுத்த அவர் வழி சொன்னார். அதில் 88 பாதைகள். பியானோவில் உள்ள கட்டைகளின் எண்ணிக்கையும் 88தான்.

வை-பை கதையும் சுவாரசியமானது. ரேடியோ அலை அறைக்குள் சுவரில் மோதி, தரையில் மோதி, பல எதிரொலியாக வந்து குழப்பும். கோயில் மண்டபத்தில் பேசினால் பேச்சு புரியாதது போல. இந்தக் குழப்பத்துக்கு நல்ல வழி கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிலையத்தார். ஜான் ஓசல்லிவன் என்பவர் அவர்களுக்குத் தலைவர். அவர் அதற்கு முன் வானத்தில் தேடியது, வெடிக்கிற சிறு கருந்துளைகளின் ரேடியோ ஒலியை! அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் கற்ற கணக்கு இங்கே கைகொடுத்தது. செய்தியை ஒரே ஓட்டமாக அனுப்பாமல், பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து ஒரே சமயத்தில் அனுப்பினார்கள். எதிரொலி அடங்க நேரம் கிடைத்தது. 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பெரிய கம்பெனிகளுடன் வழக்கு நடத்தி, அந்த நிலையம் 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கியது.

அவர்கள் எதிரொலியை வென்றார்கள். பீரோவை வெல்ல அவர்களிடமும் மந்திரம் இல்லை.

பலகை ஒன்று, கம்பி ஒன்று

அண்ணன் மகன் முதலில் துணி உறையை எடுத்தான். பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் பெட்டி மந்தமாகும். சில சமயம் தானே நின்று மறுபடி ஓடும். "அத்தை, இதற்குக் குளிராது" என்றான்.

பீரோவுக்குப் பின்னால் கண்ணாடி இழைக் கேபிள் சுருளாக மிச்சம் இருந்தது. அதைப் பிரித்தான். அந்தக் கேபிளை மடிக்கக் கூடாது. கயிறு மாதிரி முடிச்சுப் போட்டால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். உள்ளே இழையே உடைந்தாலும் உடையும். ஆகவே அகலமான வளைவாக விட்டுச் சுவர் ஓரமாக இழுத்தான். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள வாசற்படிக்குப் பக்கத்தில், ஆறடி உயரத்தில், ஒரு மரப் பலகை அடித்தான். பெட்டியை அதன் மேல் வைத்தான். நான்கு பக்கமும் திறந்த இடம். கதவு திறந்தால் கூடம் தெரியும்.

டெலிவிஷன் அருகே நின்று அளந்தான். 41!

கையில் காசு செலவில்லை. பலகை கூட வீட்டில் கிடந்த பழைய பலகைதான்.

"இதுவே போதுமே" என்றார் பெரியவர்.

"போதும் மாமா. ஆனால் ஆட்கள் வந்து உட்கார்ந்தால் மறுபடி குறையும். டெலிவிஷன் நடக்கிற பொருளா? அதற்கு எதற்கு வை-பை? கம்பியே கொடுத்துவிடுவோம்."

இது பலருக்குத் தோன்றாத விஷயம். செல்போன் கையோடு திரியும். அதற்கு அலை வேண்டும். டெலிவிஷன் ஆணியில் தொங்குகிறது. அதன் முதுகில் லேன் கம்பி செருகும் ஓட்டை இருக்கிறது. ரவுட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துச் செருகிவிட்டால், பீரோ, பக்கத்து வீடு, மைக்ரோவேவ் அடுப்பு, ஒன்றும் ஒன்றும் செய்யாது. இந்தக் கம்பியில் 100 மீட்டர் தூரம்வரை செய்தி குறையாமல் போகும். பெரியவர் வீட்டுக்கு 15 மீட்டர் போதுமாயிருந்தது. சில நூறு ரூபாயோடு முடிந்தது. விலை உயர்ந்த டெலிவிஷன்களிலும் பலவற்றில் இந்த ஓட்டை 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. அது ஒரு குறைதான். ஆனால் 4கே படத்துக்கு 20 போதும் என்னும்போது, 100 தாராளம்.

கம்பி செருகி அளந்தான். 93!

மாடி வீட்டுக்காரர்கள் கவனிக்க

இந்த வீடு ஒரே தளம். மாடியும் கீழுமாக இருக்கிறவர்களுக்கு ஒரு பெட்டி போதாமல் போகலாம். நடுவில் காங்கிரீட் தளம் இருக்கிறதே! அப்போது கடைக்காரர் ரிப்பீட்டர் என்று ஒன்றைக் காட்டுவார். விலை மலிவு. அது அலையை வாங்கி மறுபடி வீசும். ஒரே அலையில் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும் என்பதால், சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அலை ஏற்கெனவே மங்கிப்போன இடத்தில் அதைச் செருகினால், மங்கலைத்தான் திருப்பி வீசும். செருகுவதானால் பாதி வழியில் செருகவேண்டும். அதைவிட நல்லது, மாடிக்கு ஒரு கம்பி இழுத்து அங்கே இன்னொரு பெட்டி வைப்பது. மெஷ் என்று விற்கிற ஜோடிப் பெட்டிகளும் நடுவில் கம்பி இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். எட்டுக் கொம்பு முளைத்த பெட்டியைக் கண்டு மயங்கவேண்டாம். கொம்பு பீரோவைத் துளைக்காது.

கம்பெனி மேல் தப்பே இராதா? இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மடிக்கணினியை ரவுட்டரிலேயே கம்பியால் இணைத்து, நெரிசலான இரவு 9 மணிக்கு அளக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அங்கேயே குறைவாக வந்தால் தாராளமாகச் சண்டை போடலாம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அவர்கள்தான் வரவேண்டும். கண்ணாடி இழையில் வெளிச்சம் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். பெட்டியருகே முழு வேகம் வருகிறது, அதையும் வீட்டார் எல்லோரும் சேர்ந்து உண்மையிலேயே தீர்த்துவிடுகிறார்கள் என்றால்தான் பெரிய திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. சினிமாக் கம்பெனியின் சந்தாவில் 4கே சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சேராத சந்தாவில் எவ்வளவு வேகம் வந்தாலும் 4கே வராது.

போகிற போக்கில் அண்ணன் மகன் ரவுட்டரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். அதில் ஒரு பெயரைப் பார்த்துப் பெரியவர் திடுக்கிட்டார். எதிர்வீட்டுப் பையன்! பரீட்சைக்குப் படிக்க இரண்டு நாள் மட்டும் வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் கடவுச்சொல் வாங்கிப் போனவன். அன்றே கடவுச்சொல் மாறியது. பழைய கடவுச்சொல் ஆச்சியின் பெயரும், பக்கத்தில் 1234-ம். புதியது என்ன என்பது பெரியவருக்கும் டைரிக்கும் மட்டும் தெரியும்.

கம்பெனிக்கு டெலிபோன் செய்து, 300 திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்கள்!"

இரவு மணி 8. அரங்கேற்றத்தைப் பெரிய கேமராவில் எடுத்த 4கே படத்தை மகன் அன்றுதான் யூடியூப்பில் ஏற்றியிருந்தான். ஆச்சி முதலில் கூடத்துக்கு வர மறுத்தார். "பார்த்ததுதானே" என்றார். அண்ணன் மகன் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தான்.

திரை விலகியது. சலங்கை ஒலித்தது. பேத்தி வலது காலைத் தூக்கினாள். வைத்தாள். மறு காலைத் தூக்கினாள். வட்டம் வரவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தது. கேமரா மெல்ல அருகே வந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்கள்!" என்றார் ஆச்சி.

பெரியவர் பொத்தானை அழுத்தினார். படம் நின்றது. ஆச்சி எழுந்து, முழங்காலைப் பிடித்தபடி திரைக்கு அருகே போனார். பேத்தியின் கழுத்தில் கல் அட்டிகை. இடது பக்கத்தில் மூன்றாவது கல்லைக் காணோம். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்து இழுத்ததில் விழுந்த கல் அது.

அன்று இரவே சிங்கப்பூருக்கு டெலிபோன் போயிற்று. எடுத்தவன் மகன். "உன்னிடம் பிறகு பேசுகிறேன். முதலில் மருமகளைக் கூப்பிடு" என்றார் ஆச்சி.